இருபத்திரண்டு மூலைகளும் ஒரு பழைய சாக்ஸும்

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் என் மேலாளர் இத்ரீஸ். சூடான்காரர். சைட்டில் எது உடைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" யார், ஏன் என்பதெல்லாம் பிறகு, பல சமயம் அவற்றைக் கேட்கவே மாட்டார். அவரிடம் பல வருடம் வேலை பார்த்ததில் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால், ஸ்கேல் முறிவது போல 'டப்' என்று ஒரு சத்தமும் பின்னாலேயே பிள்ளைகளின் அலறலும் கேட்டபோது, சைட் கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருந்த நான் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன். விழுந்தது என் மகள் என்று தெரிந்திருந்தால் கடிகாரம் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன்.

போன வருடம் வேலையை விட்டு வந்துவிட்டேன். சில வாரங்களுக்கு முன் ஆபீஸிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். "மேடம், நம்ம டெக் டிராயிங் எல்லாத்துலயும் 'கார்னர் கவரை மதியம் ஒன்றரைக்கு மேல் பார்க்கவும்'னு ஒரு வரி இருக்கு. யார் எழுதினதுன்னு இங்க யாருக்கும் தெரியல. இப்ப புது கிளிப் வந்துடுச்சு. எடுத்துடலாமா?" என்று கேட்டான். எடுக்காதே, நான் எழுதியதுதான் என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதையா? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும் இது ஒரு சாக்கு.

திருச்சியில் சிவில் படித்தேன். சென்னையில் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் இரண்டு வருடம். கல்யாணமாகி ஷார்ஜா வந்து, ஆபீஸில் டிராயிங் அடுக்கும் வேலையில் சேர்ந்து, மகள் மது பிறந்து, அவள் நர்சரி போன பிறகு சைட்டுக்கு மாறினேன். தர ஆய்வு என் பொறுப்பு. எங்கள் கம்பெனி வெளிப்புறத் தரைகள் போடுவது. ஹோட்டல் மாடி, வில்லாத் தோட்டம், நீச்சல் குளத்தைச் சுற்றி. எல்லாம் காம்போசிட் டெக். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்திச் செய்த பலகை. பார்க்க மரம் போலவே இருக்கும், கரையான் அரிக்காது, உப்புக் காற்றுக்கு உளுக்காது. அதற்கு ஒரே ஒரு குணம் உண்டு. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் இரண்டு பலகைகள் சந்திக்கும் மூலையில் கேப் விட்டாக வேண்டும். விட்ட கேப் கண்ணுக்கும் காலுக்கும் படாமல் இருக்க அதன் மேல் ஒரு மெல்லிய தகடு, அதே நிறத்தில். அதுதான் கார்னர் கவர். மொத்த வேலையில் ஆகச் சிறிய சாமான். கடைசி நாளில், பெட்டியின் அடியில் தேடி எடுத்துப் போடுவது.

இத்ரீஸ் அந்தச் சிறிய சாமானைத்தான் முதலில் பார்ப்பார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைத் தாடி, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய நைலான் சாக்ஸ் இருக்கும். டெக் முடிந்ததும் குனிந்து, சாக்ஸைக் கைக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையின் மேலும் உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போவார். எங்காவது ஒரு நூல் மாட்டினால் அங்கேயே நிற்பார். திட்ட மாட்டார். மாட்டிய நூலை அறுக்காமல், அது எந்த விளிம்பு என்று எல்லோரும் பார்க்கும் வரை கையை எடுக்காமல் இருப்பார். அதற்குத் திட்டே மேல். தொழிலாளர் கேம்ப் ஆட்கள் அவருக்கு 'சாக்ஸ் முதீர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதீர் என்றால் மேனேஜர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும்.

அஜ்மான் எல்லையில் ஓர் இந்தியப் பள்ளி. மது அங்கே எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியின் புதுக் குளத்தைச் சுற்றி டெக் போடும் வேலை எங்களுக்கு வந்தபோது வீட்டில் ஒரே கொண்டாட்டம். வியாழக்கிழமை மாலை பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி. ரிலேயில் கடைசியாக நீந்துவது மது. "அம்மா போட்ட ஃப்ளோர்ல நான் நடக்கப் போறேன்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அது செப்டம்பர் முதல் பாதி. கோடையில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் ஆட்கள் விடியும் முன் வந்து இறங்குவார்கள். வெயில் ஏறும் முன் பாதி வேலை முடிந்துவிடும். நானும் ஏழு மணிக்கு வந்து சரிபார்ப்பேன். மதியம் எல்லோரும் ஜிம்னேசிய நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் டெக் என்ன செய்கிறது என்று பார்க்க அங்கே ஒருவரும் இருப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை வரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

பள்ளி விட்டதும் கோச் ரிலே பிள்ளைகளை, எந்தப் பக்கத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று காட்ட அழைத்து வந்திருக்கிறார். வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'செருப்பை இங்கே கழற்றவும்.' தமிழிலும் தப்பான ஆங்கிலத்திலும். எங்கள் தச்சர் செல்வராசு எழுதியது. புதுத் தரையை யாரும் அழுக்காக்கிவிடக் கூடாதே என்று. பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். கால் வைத்ததும் சூடு தாங்காமல் ஓடினார்கள். ஷவர் பக்கத்து மூலையில் கவர் தகடு கூடாரம் போல நடுவில் எழும்பி, ஒரு ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு தெறித்தது. மதுவின் கட்டைவிரல் அதில் மாட்டியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். குளத்தின் கல் விளிம்புக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் ஒரு சாண். அவ்வளவுதான் இருந்தது. நகம் பெயர்ந்திருந்தது, உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. நர்ஸ் வந்து கட்டுப்போட்டுவிட்டு, "ஒன்றும் இல்லை, மம்மி" என்றாள். ஒன்றும் இல்லைதான். அந்த ஒரு சாணை இன்றைக்கும் என் கை அளந்துகொண்டிருக்கிறது. மாலில், ஹோட்டலில், எங்கே டெக்கைக் கண்டாலும் முதலில் மூலைக்குப் போய்க் காலால் தடவிப் பார்க்கிறேன்.

இத்ரீஸ் அரை மணி நேரத்தில் வந்தார். "எத்தனை மணிக்கு?" என்றார். சொன்னேன். மதுவிடம் குனிந்து, எந்தக் கால் என்று கேட்டார். பிறகு சாக்ஸை எடுத்தார். இருபத்திரண்டு மூலைகளில் பதினெட்டில் நூல் மாட்டியது. பள்ளி நிர்வாகி கூடவே நடந்தார். "போட்டியைத் தள்ளிவைக்க முடியாது. மூலைக்கு மூலை ரப்பர் மேட் போட்டு ஒட்டிவிடலாமே? பார்க்கவும் அழகாக இருக்கும்" என்றார். இத்ரீஸ் என்னைப் பார்த்தார்.

"மேட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் சார்" என்றேன். "வியாழக்கிழமைக்குள் சரி செய்து தருகிறேன். இல்லையென்றால் நானே வந்து கதவைப் பூட்டுகிறேன்."

"கேட்டீர்களா?" என்றார் இத்ரீஸ் நிர்வாகியிடம். அவ்வளவுதான் அவர் பேச்சு.

ஆட்கள் எழுந்து வந்திருந்தார்கள். செல்வராசு பேராவூரணிக்காரர். ஊரில் தேக்குக் கதவு செய்தவர். அவர் சேர்த்த சட்டத்தில் தலைமுடி நுழையாது. கவர் தகட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ என்பது டிராயிங்கில் தெளிவாக இருந்தது. மறுபக்கம் சும்மா கிடக்க வேண்டும், பலகை அதன் அடியில் நகர்ந்து போய்வர. காலையில் நான் பார்த்துவிட்டுப் போனபோது அப்படித்தான் இருந்தது.

"செல்வராசு, இந்தப் பக்கம் எதுக்கு ஸ்க்ரூ? அடியில பசை வேற இருக்கு?"

"ஆடுச்சு மேடம்."

"ஆடணும்னுதானே அப்படி விட்டிருக்கு?"

"நீங்க போனப்புறம் கட்டைவிரலை வச்சு அமுக்கிப் பாத்தேன். லொடலொடன்னுச்சு. ஆடுற வேலையைக் குடுத்துட்டுப் போனா நம்ம ஊர்ல காறித் துப்புவாங்க மேடம்."

அவர் கூட்டாளி முனியாண்டி, பரமக்குடி, சும்மா இருக்கிற ஆளில்லை. "அண்ணே, உங்க ஊர்ல எவனும் ஸ்விம்மிங் பூல் கட்டலண்ணே. துப்புறதுக்கு ஆளே இல்ல. நீங்க பாட்டுக்குக் கல்யாண வீட்டு நிலைக்கதவுன்னு நெனச்சு இறுக்கிட்டீங்க."

"வாயை மூடுடா." செல்வராசு மதுவின் காலைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

காரில் போகும்போது மது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நஹ்தா சிக்னலில் கார் நின்றது. பிறகு கேட்டாள். "நீ செக் பண்ணலையாம்மா?"

"பண்ணினேனே. காலையில ஏழு மணிக்கு."

"நாங்க என்ன காலைல ஏழு மணிக்கா ஸ்விம் பண்ணப் போறோம்?"

சிக்னல் பச்சையானது. காரை எடுத்தேன்.

"நான் வரல. கோச்சுகிட்ட வேற யாரையாவது போட்டுக்கச் சொல்லிட்டேன்."

"மது, அதெல்லாம் சரி பண்ணிடுவேன்டா..."

"பண்ணு. நான் வரல."

செவ்வாய்க்கிழமை விடியும் முன் இருபத்திரண்டு கவர்களையும் கழற்றினோம். பசையை உளியால் சுரண்டினால் பலகை கீறிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியை வெந்நீரில் நனைத்து நனைத்து எடுத்தோம். பிறகு ஒவ்வொரு மூலையிலும் பலகை முடியும் இடத்தில், கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். செல்வராசு வரிசையாக எல்லாக் கோட்டையும் பார்த்துக்கொண்டே வந்தார். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"மதியம் ஒன்றரைக்கு மேல என்கூட வாங்க" என்றேன்.

"மதியம் வேலை செய்யக் கூடாதே மேடம். ஃபைன் போடுவான்."

"வேலை செய்ய வேண்டாம். சும்மா வந்து பாருங்க."

நான் குடை பிடித்துக்கொண்டேன். செல்வராசு தலையில் துண்டு. சோற்றுத் தூக்கக் கண்ணோடு முனியாண்டியும் வந்தான், வேடிக்கையை விடுவானா? ஷவர் பக்கத்து மூலையில் மூன்று பேரும் குனிந்தோம். காலையில் போட்ட பென்சில் கோட்டைக் காணவில்லை. பலகை அதன் மேல் ஏறிப் போயிருந்தது. மூலையில் சிறுவிரல் அகலம் இருந்த கேப் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வராசு அடுத்த மூலைக்குப் போனார். அதற்கடுத்த மூலைக்குப் போனார். பலகையில் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"ஏழு வருஷமா இந்தப் பலகையைத்தான் போடுறேன் மேடம். இந்நேரத்துல ஒருநாள்கூட இதப் பாத்ததில்ல. இந்நேரம் நாங்க தூங்கிட்டில்ல இருப்போம்."

"அண்ணே, நம்ம தூங்குறோம், இது மட்டும் ஓவர்டைம் பாக்குது" என்றான் முனியாண்டி.

அதுதான் விஷயம். விடியலில் வேலை பார்க்கிறவர்கள் விடியலின் பலகையைத்தான் அறிந்திருந்தோம். பிள்ளைகள் நடக்கப் போவது மதியத்தின் பலகை மேல். அன்று மாலை இத்ரீஸிடம் போனில் சொன்னேன். மது காரில் கேட்டதையும் சொன்னேன். "யா மேடம், உங்கள் மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள்" என்றார்.

புதன்கிழமை முழுக்கக் கவர்தான். ஸ்டோரில் புதுக் கவர் இல்லை. பழைய கவர்களில் இரண்டு பக்கமும் வட்டத் துளை. ஒரு பக்கத்துத் துளையை நீளமாக்கினால் ஸ்க்ரூ தகட்டைத் தூக்கவிடாமல் பிடிக்கும், ஆனால் பலகை நகர இடம் கொடுக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, நடுவை அரத்தால் தேய்த்து ஒன்றாக்கினார் செல்வராசு. ஒவ்வொன்றிலும் அரத்தை விட்டு முன்னும் பின்னும் ஓட்டி, பிசிறு தங்காமல் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திங்கட்கிழமை ஆடக் கூடாது என்று இறுக்கிய அதே கை, இப்போது எவ்வளவு ஆட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இழைத்தது. ஸ்க்ரூவை முழுக்க முறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். முனியாண்டி அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தான்: "இறுக்கு, கொஞ்சம் இரக்கப்படு."

எந்தப் பக்கத்தை நிலையாகப் பிடிப்பது என்பதில் ஒரு யோசனை வந்தது. டிராயிங்கில் அது இல்லை. ஓட்டு வீட்டில் ஓடு மழைத் தண்ணீர் வரும் திசைக்கு ஏற்பத்தானே அடுக்குவார்கள்? இங்கே வருவது பிள்ளைகளின் கால்கள். உடை மாற்றும் அறையிலிருந்து குதிக்கும் மேடைக்கு எந்த வழியாக ஓடுவார்கள் என்று கோச்சிடம் கேட்டு, அவர்கள் வரும் பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்து, போகும் பக்கத்தைத் தளர விட்டோம். திரும்பி ஓடி வந்தாலும் மாட்டாமல் இருக்க, தளர்ந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கினோம்.

ஷவர் மூலை மட்டும் பிடிவாதம் பிடித்தது. அங்கே மூன்று பக்கமிருந்து பலகைகள் வந்து சேர்கின்றன. எந்தப் பக்கத்தைப் பிடித்தாலும் மற்ற இரண்டும் இழுத்தன. இரண்டு முறை போட்டு இரண்டு முறை கழற்றினோம். கடைசியில் செல்வராசுதான் சொன்னார். "மேடம், பலகைல பிடிச்சாத்தானே வம்பு? அடியில இரும்பு இருக்கு. அதுல நடுவுல ஒரே ஸ்க்ரூ. மூணு பக்கமும் சும்மா கிடக்கட்டும்."

"மூணு பக்கமும் ஆடுமே செல்வராசு?"

"ஆடட்டும் மேடம்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததும் முனியாண்டி கை தட்டினான். தகட்டின் அடியில் மெல்லிய ரப்பர் பட்டை கொடுத்து, நடுவில் ஒரே ஸ்க்ரூ. மூன்று பலகைகளும் அதன் அடியில் தத்தம் வழியில் போய் வந்தன. இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் மூவழி மூலைக்கு அதுதான் முறை. ஃபுஜைராவில் ஒரு ஹோட்டல் மாடிக்கு ஆலோசகராக வந்த வெளிநாட்டுக்காரர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். பேராவூரணி என்றேன். ஊர்ப் பெயரா ஆள் பெயரா என்று அவருக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு இத்ரீஸ் வந்தார். வேண்டுமென்றே அந்த நேரம். தரையில் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கலாமா என்று நிர்வாகி கேட்டார். "லா", வேண்டாம் என்று தலையசைத்தார் இத்ரீஸ். சாக்ஸைக் கையில் மாட்டினார். நாங்கள் நிழலில் வரிசையாக நின்றோம். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு மூலையிலும் கை முன்னே போய், பின்னே வந்து, குறுக்கே போனது. அவர் நெற்றி வியர்வை பலகையில் சொட்டிச் சொட்டிக் காய்ந்தது. ஷவர் மூலையில் மூன்று முறை தேய்த்தார். செல்வராசு துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

இத்ரீஸ் எழுந்து, சாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு நூல் பிரியவில்லை. பிறகு அவர் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சாக்ஸைச் சுருட்டி செல்வராசுவின் சட்டைப் பையில் செருகினார்.

"கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

"சாக்ஸ் முதீர் இனி நீங்கதாண்ணே!" என்று முனியாண்டி போட்ட சத்தத்தில் ஜிம்னேசியத்துக்குள் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மாலை நான்கு மணிக்கு நிழற்பந்தல் கட்டி, தண்ணீர் தெளித்து, குளம் நிறையப் பிள்ளைகள். மது வரவில்லை. கணவர் வீட்டிலிருந்து, "கிளம்புறாளான்னு தெரியல. பேக் மட்டும் கதவுகிட்ட இருக்கு" என்று மெசேஜ் போட்டிருந்தார். நான் ஷவர் மூலையில் போய் நின்றுகொண்டேன். வேறு எங்கு நிற்கவும் கால் வரவில்லை. செருப்பு அட்டையைக் கழற்றிக் கையில் வைத்தபடி செல்வராசுவும் பக்கத்தில் நின்றார். "பாப்பா வருமா மேடம்?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

ரிலேக்கு அழைத்தபோது, பச்சைத் தொப்பிகளின் நடுவே காலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருத்தியைப் பார்த்தேன். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. செருப்போடு மேடை வரை நடந்து, அங்கே செருப்பைக் கழற்றி ஒரு நொடி நின்றாள். பிறகு ஏறினாள். கடைசி ஐம்பது மீட்டரில் இரண்டு பேரைத் தாண்டினாள். கையால் சுவரைத் தொட்டது யார் முதலில் என்று எனக்குத் தெரியவில்லை. பச்சைத் தொப்பிகள் எல்லாம் கத்திக்கொண்டு துள்ளியதில் புரிந்தது.

தண்ணீரிலிருந்து ஏறியவர்கள் வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட, ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடினார்கள். கோச்சின் விசிலை யாரும் மதிக்கவில்லை. ஒரு மூலை, இரண்டாவது மூலை, திரும்பி எங்கள் பக்கம். இருபது ஈரக் கால்கள் எங்கள் இருவருக்கும் நடுவே தடதடவென்று போயின. கவர் தகட்டின் மேல் ஈரச் சுவடு மட்டும் மிஞ்சியது.

மூன்றாவது சுற்றில் கடைசியாக மது வந்தாள். ஓடிக்கொண்டிருந்தவள் எங்களிடம் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய, குனிந்து தரையைப் பார்த்தாள். காலால் இங்கும் அங்கும் தடவினாள். செல்வராசு அண்ணாந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் விழுந்த கார்னர் எதும்மா? மூணு ரவுண்டு ஓடிட்டேன், கண்டுபிடிக்கவே முடியல."